சி ஷிஃப்ட்

ஆறு பேர், ஒரு தீவு, நாற்பத்தெட்டுக் கோட்டைகள்.
மாதேஷுக்கு வடக்கு. எனக்கு மலையடிவாரம்.
நடுவில் ஓடும் ஆறு இருவருக்கும் பொது என்று
சூளகிரி பஸ் ஸ்டாப்பில் பேசி முடித்தோம்.
கைகுலுக்கவில்லை.
அவன் கையில் டிபன் கேரியர், என் கையில் குடை.

விதிப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது:
வீரர்கள் தமக்குள் செய்யும் உடன்படிக்கைகளுக்கு
இந்த ஆட்டம் பொறுப்பேற்காது.
படித்துவிட்டுத்தான் சேர்ந்தோம்.
முதல் வாரமே பைரோஸ்
திம்மராயனின் உப்பளத்தை விழுங்கினான்.
திம்மராயன் மூன்று நாள் வாய்க்கு வந்தபடி ஏசினான்,
நாலாம் நாள் அவனுக்கே
மாங்கூழ் ஆலையில் ஆள் எடுப்பதாகத் தகவல் சொன்னான்.
துரோகம் என்ற சொல்லை
டீக்கடைச் சில்லறைபோலப் புழங்கிக்கொண்டிருந்தோம்.
யாருக்கும் வலிக்கவில்லை.

பத்தொன்பதாம் இரவு
மாதேஷின் தானியக் கிடங்குகள் நிரம்பியிருந்தன.
மதகு அவனிடம்.
எச்சரிக்கை வந்த பத்து நிமிடத்துக்குள்
ஒரே ஒருமுறை விரல் வைத்தால் போதும்,
ஆறு பெருகி என் படையை வாரிக்கொண்டு போய்விடும்.
அவன் எப்போதும் வைப்பான். அரைத்தூக்கத்திலும் வைப்பான்.
அன்று வைக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

ஒற்றன் சொன்னதில்லை.
கோபுரமேறி நான் பார்த்ததுமில்லை.
'அப்பாவுக்கு வாரத்தில் மூணு நாள் டயாலிசிஸ்,
பகலில் நான்தான் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப்போகணும்,
அதான் சி ஷிஃப்ட் கேட்டு வாங்கிட்டேன்' என்று
முந்தின திங்கட்கிழமை
பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவனே சொன்னான்.
அவன் கம்பெனியில்
கேட்டிலேயே போனை வாங்கிவைத்துவிடுவார்கள்.

இரண்டு பத்துக்கு ஆற்றைக் கடந்தேன்.
இரண்டு இருபதுவரை
ரூமில் மற்றவர்கள் எழுந்துவிடாமல் போர்வைக்குள்
மதகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது திறக்கவில்லை.
கிடங்குகள் ஒவ்வொன்றாய் என் நிறத்துக்கு மாறின,
அழகாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினான்,
கண்ணெல்லாம் சிவந்து. சிரித்தான்.
'நேரம் பார்த்து அடிச்சிருக்கே.'
எனக்கும் சேர்த்து டீ சொன்னான்.
சர்க்கரை கம்மி என்பதும் மறக்கவில்லை.

பைரோஸிடம் கேட்டேன். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு:
ரம்மியில் எவனாவது சீட்டைத் திருப்பிக் காட்டுவானா?
ஏமாற்றவே முடியாத ஆட்டத்தில்
நம்புவதற்கு என்ன மதிப்பு?
சரிதான். வாக்கை மீறியது ஆட்டத்துக்குள்.
அதற்காக நான் தூக்கம் கெடவில்லை.
ஆனால் அந்தத் திங்கட்கிழமை?
அது தீவில் எந்தக் கட்டத்திலும் இல்லையே.
அதை எடுத்துக்கொண்டுபோய் அங்கே ஆயுதமாக்கினேன்.
விதிப் பக்கத்தை மறுபடி முழுக்கப் படித்தேன்.
அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எங்கள் ஸ்டாப்புக்குப் பின்னால்
புளியமரத்தடியில் ஒரு நடுகல்,
பாதி மண்ணுக்குள், மீதியில் யாரோ பூசிய மஞ்சள்.
மாடு மீட்கப் போய்ச் செத்தவனாம்.
ராத்திரியில் மாட்டை ஓட்டிப்போனவனுக்கு?
அவன் ஊரில் அவனுக்கும் ஒன்று நட்டிருப்பார்கள்.
எந்தத் தொழுவத்தில் காவல் இல்லை என்று
அவனிடம் யார் சொல்லியிருப்பார்கள் என்பதை மட்டும்
எந்தக் கல்லிலும் செதுக்கியிருக்கமாட்டார்கள்.

நான்தான் ஜெயித்தேன், முப்பத்தொன்றாம் நாள்.
மாதேஷ் கைதட்டும் பொம்மை அனுப்பினான்.
அடுத்த ஆட்டத்திலும் இருக்கிறான்,
மறுபடி கூட்டு சேரலாம் என்கிறான், மனதாரத்தான் சொல்கிறான்.

நேற்று ஸ்டாப்பில் கேட்டேன்,
இந்த வாரம் எந்த ஷிஃப்ட்?
'ஏதோ ஒண்ணு, போயிட்டிருக்கு' என்றான்.
அப்பா எப்படி இருக்கார்?
'இருக்கார்.'
பெங்களூர் லாரி ஒன்று தக்காளி ஏற்றிக்கொண்டு
எங்களைத் தாண்டிப் போனது.
அது மறையும்வரை
இரண்டுபேரும் அதையே பார்த்தோம்.